நாற்பது ஆடுகளும் ஒரு கழுதையும்

அத்தியாயம் 7

ராதாமணிக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீசில் குனிந்த தலை நிமிராமல் குச்சி அடுக்கியபோது குடியேறிய வலி அது. அப்புறம் போலீசில் ஏட்டம்மாவாகி வெயிலில் நின்ற வருடங்கள் அதற்குத் தீனி போட்டு வளர்த்தன. இன்றைக்குக் கோவில்பட்டியிலிருந்து கடம்பூர்க் காடு வரைக்கும் செல்வகணேஷின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்ததில் வலி முழு ஆளாகி எழுந்து நின்றது.

“ஏலே, இது பைக்கா, உரலாலே?”

“ஆட்டுரல்க்கா. ஆட்டுக் கேசுக்கு இதுலதான் வரணும்.”

ராதாமணி போலீஸ் வேலையை உதறிவிட்டு, கடலைமிட்டாய்க் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்ட நாளிலிருந்து அவன்தான் அவளுக்கு உதவியாள். கம்ப்யூட்டர் படித்தவன். செல்போன் கடை வைத்து நொடித்துப் போனவன். வாய் மட்டும் நொடிக்கவில்லை.

அறுவடை முடிந்த கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு புஞ்சையில் கிடை போட்டிருந்தார்கள். வலைக்குள்ளே செம்மறிகள் ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையை விட்டு நிழல் தேடிக்கொண்டிருந்தன. வலையோரம் குத்தவைத்திருந்தார் தங்கச்சாமி. பக்கத்தில் அவர் மனைவி வேலுத்தாய். ராதாமணியைத் தேடி வந்தது வேலுத்தாய்தான்.

விவகாரம் இதுதான். பொன்மந்தை என்று ஒரு கம்பெனி. அது தன் ஆடுகளை மேய்ப்பவர்களிடம் பங்குக்கு, அதாவது வாரத்துக்கு, விடும். ஆடு கம்பெனியுடையது, பாடு மேய்ப்பவருடையது, பிறக்கும் குட்டியில் பாதிப் பாதி. கம்பெனி ஆட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை. தங்கச்சாமி கிடையில் கம்பெனி ஆடும் உண்டு, சொந்த ஆடும் உண்டு. இப்போது கம்பெனி கம்ப்யூட்டர் சொல்கிறது, அவர் பொறுப்பில் விட்ட ஆட்டில் நாற்பதைக் காணவில்லையாம். மாலை நாலு மணிக்கு லாரி வரும். காணாமல் போனதற்கு ஈடாக அவருடைய சொந்த ஆடு நாற்பது அதில் ஏறும். மறுத்தால் திருட்டுக் கேஸ்.

“நாற்பது ஆடு காணாமப் போனா எங்களுக்குத் தெரியாதாம்மா?” என்றாள் வேலுத்தாய். “அந்த மேனேஜர் சண்முகராஜ் போன மாசம் ஒரு தாளைக் கொண்டாந்து, ஆட்டை எண்ணிப் பாத்துக் கைநாட்டு வையும்னான். இவரு எண்ணாமலே வச்சுட்டாரு. இந்தாங்க அதோட நகல், ஆட்டு நம்பரெல்லாம் இருக்கு.”

“ஏன் அண்ணாச்சி எண்ணலை?”

தங்கச்சாமி வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மந்தையை எண்ணக் கூடாதும்மா. எண்ணினா தேயும். எங்க அய்யா எண்ணினதில்லை.”

“இவரு பேங்க்ல மேனேஜரா இருந்தா நமக்கு எவ்வளவு வசதிக்கா” என்றான் செல்வகணேஷ்.

“நீ வாயை மூடு. அண்ணாச்சி, எண்ணாதவருக்கு ஆடு குறைஞ்சா எப்படித் தெரியும்?”

“உங்க வீட்டுல பிள்ளைக சாப்பிட உக்காருது. ஒருத்தன் வரலைன்னா எண்ணியா பாப்பீங்க?”

நல்ல பதில்தான். ஆனால் நல்ல பதில் சொல்லும் களவாணிகளை ராதாமணி நிறையப் பார்த்திருக்கிறாள். ஆட்டை விற்றுவிட்டு அய்யாவைச் சாட்சிக்கு இழுப்பதும் நடக்கிறதுதான். அவள் வலையைச் சுற்றி ஒரு நடை வந்தாள். ஒரு சினை ஆடு, வயிறு தொங்க, தனியாக நின்று அசை போட்டது. தங்கச்சாமி கையை நீட்டி அதன் அடிவயிற்றைத் தடவினார்.

“இன்னைக்கோ நாளைக்கோ ஈனிரும்” என்றார், கேட்காமலே.

பொன்மந்தை ஆபீஸ் எட்டயபுரம் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால், வாரத்துக்கு விடாத கம்பெனி ஆடுகளுக்காகத் தகரம் வேய்ந்த பெரிய பட்டி. ராதாமணி நேரே உள்ளே போகாமல் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். பட்டி காலி. தண்ணீர்த் தொட்டியின் அடியில் பாசி காய்ந்து, பொரித்த அப்பளமாகச் சுருண்டிருந்தது.

“ஆடெல்லாம் மேய்ச்சலுக்குப் போயிருக்கு மேடம். சாயந்தரம் வந்துரும்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சண்முகராஜ். சலவை கலையாத வெள்ளைச் சட்டை, ஆட்டு வாடையே அண்டாத ஆள். ஆட்டுக் கம்பெனி மேனேஜரிடம் சென்ட் மணம் வந்தால் ராதாமணிக்கு முதலில் மூக்குதான் சந்தேகப்படும்.

“தங்கச்சாமி சார்பா வருதீங்களா? நல்ல மனுசன்தான், என்ன செய்ய? நாளைக்குச் சென்னையில இருந்து முதலாளி வாராவ. ஒவ்வொரு ஆடா நிறுத்தி எண்ணப் போறாவ. நான் என்ன, வீட்டுல இருந்தா கொண்டாந்து நிறுத்த முடியும்? கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மேடம்.”

“கம்ப்யூட்டர் சொல்லாது. பாக்கலாமா?”

அவன் தயங்கவில்லை. மந்தை மித்திரன் என்ற பெயரில் ஒரு திரை விரிந்தது. வரிசை வரிசையாக ஆடுகள். வில்லை எண், பிறந்த தேதி, பெட்டையா கிடாயா, யார் பொறுப்பு. அழகாகத்தான் இருந்தது. தங்கச்சாமி பெயருக்கு நேரே, காணாமல்போன நாற்பதும் சிவப்பில் நின்றன.

“உள்ளூர்ப் பையன் பாலகணேஷ் எழுதினது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை” என்றான் சண்முகராஜ். அவன் செல்போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தான்.

செல்வகணேஷ் எலியைப் பிடித்த பூனைபோல மவுசின்மேல் கையை வைத்தான். “அக்கா, இந்த இடத்துல ஒரு கோடு ரெட்டைக் கோடா இருக்கு பாருங்க. ஒரு பத்தியை நசுக்கி நசுக்கி ஒண்ணுமில்லாம ஆக்கி வச்சிருக்கான்.” கோட்டைப் பிடித்து இழுத்தான். ஒளிந்திருந்த பத்தி அகலமாக விரிந்தது. தலைப்பில், உரோமம், கிலோ.

மற்ற ஆடுகளுக்கெல்லாம் அந்தப் பத்தி வெறுமையாக இருந்தது. சிவப்பில் நின்ற நாற்பதுக்கு மட்டும் மூன்று, நாலு, நாலரை.

ராதாமணி குனிந்து பார்த்தாள். இடுப்பு வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“நாலரைக் கிலோ மயிராலே?”

“நம்மூரு செம்மறியைச் சிரைச்சா பல்லு விளக்குற பிரஷ்ஷுக்குக் காணாதுக்கா. இந்த வெயிலுக்கு எவன் கம்பளி போத்திட்டுத் திரிவான்?”

“மூடுலே, வாரான்.”

செல்வகணேஷ் பத்தியை மறுபடி நசுக்கினான். வாசலிலிருந்து சண்முகராஜின் குரல் தாழ்வாகக் கேட்டது. “கயத்தாறுலயா நிக்கே? நாலு மணி வரைக்கும் என்னத்துக்கு? இப்பவே லாரியை விடு, நானும் வாரேன்.”

பாலகணேஷ் முப்பது வயதைத் தாண்டாத ஒல்லி ஆள். பொன்மந்தை என்ற பெயரைக் கேட்டதும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த ஆதார் அட்டையைக் கீழே போட்டான். ராதாமணி அதைக் கவனித்தாள். கடையில் நின்ற பெண்ணை அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, கதவுக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

“உரோமம்னா என்ன தம்பி?”

“எது மேடம்?”

“உன் மந்தை மித்திரன்ல ஒளிச்சு வச்சிருக்கியே, அது.”

பாலகணேஷ் தண்ணீர் குடித்தான். தண்ணீர் சட்டையில் பாதி போயிற்று. அதற்குள் செல்வகணேஷ் மேசைக்கடியில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி உயிர்ப்பித்துவிட்டான்.

“இதுலதான எழுதின? எந்தக் கருவி?” என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் அவனே தேடினான். “அக்கா, புதுத் தையல் மெஷின் வாங்கினா, தச்சுப் பழக ஒரு துண்டுத் துணி கூடவே வரும்லா? அதுமாதிரி நிரல், அதான் புரோகிராம், எழுதுற கருவி வாங்கினா கூடவே நாலு மாதிரி நிரலும் வரும். கடைக் கணக்கு, நூலகம், ஆஸ்பத்திரின்னு. உள்ள போலித் தகவலும் நிரப்பியே கொடுப்பான். பாத்துப் பழகிக்கிடணும், அவ்வளவுதான். எல்லாம் கருவியை நிறுவின இடத்துலயே ஒரு ஓரமா கிடக்கும். எவனும் திறந்தே பாக்க மாட்டான். நம்ம தம்பி பாத்திருக்காரு.”

மாதிரிகள் என்ற கோப்புறைக்குள் போனான். அதற்குள் பண்ணை என்று ஒன்று. இரண்டு தட்டுத் தட்டினான்.

திரையில் பச்சைப் புல்வெளி. எங்கேயோ குளிர் தேசம். பஞ்சு மூட்டைக்குக் கால் முளைத்ததுபோல நாலு ஆடு. அதற்குக் கீழே அதே பொத்தான்கள், அதே இடத்தில், அதே வரிசையில். மந்தை மித்திரன் ஆங்கிலத்தில் நின்றது.

“ஆளு அதே ஆளுதான். வேட்டி கட்டி விட்டிருக்கான்” என்றான் செல்வகணேஷ்.

அந்த நாற்பது ஆடும் அங்கே இருந்தன. தங்கச்சாமி கைநாட்டு வைத்த தாளை ராதாமணி பக்கத்தில் பிடித்தாள். எண் அதே எண், பிறந்த தேதி அதே தேதி. கம்பெனித் திரையில் பார்த்த அதே நாலரைக் கிலோ. பொறுப்பாளர் என்ற இடத்தில் மட்டும் இங்கே மேற்குக் கொட்டில், அங்கே தங்கச்சாமி.

காணாமல் போகவில்லை. பிறக்கவே இல்லை. பிறக்காத நாற்பது ஆட்டுக்காக ஒரு மனிதனின் உயிருள்ள ஆடு நாற்பது லாரி ஏறப்போகிறது.

பாலகணேஷ் அழுகிற குரலில் சொன்னான். “சொந்தமா எழுதத் தெரியலை மேடம். மாதிரியை எடுத்துத் தமிழ்ப்படுத்திக் கொடுத்துட்டேன். உள்ள இருந்த மாதிரி ஆட்டை அழிச்சா நிரல் நின்னுரும்னு பயம். ஒரு மூலையில மறைச்சு வச்சேன். மறந்துட்டேன். என் தப்புதான்.”

“முடிஞ்சுதுக்கா. மறதி. வாங்க, வழியில போளி வாங்கிட்டுப் போவோம், பசிக்குது” என்று எழுந்தான் செல்வகணேஷ்.

ராதாமணி எழவில்லை. திரையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏலே, இது என்ன? கடைசியில மூணு வரி?”

“பண்ணைன்னா ஆடு மட்டுமா? காவலுக்கு நாய் ரெண்டு. கழுதை ஒண்ணு.”

“கம்பெனிக் கம்ப்யூட்டர்ல நாய் இருந்துச்சா?”

செல்வகணேஷ் நின்றான். “இல்லை.”

“கழுதை?”

“நீங்களும் நானும் மட்டும்தான் இருந்தோம்.”

அவள் சிரிக்கவில்லை. “மறதிக்குக் கண்ணு கிடையாதுலே. மறந்து விட்டதுன்னா நாயும் கழுதையும் சேந்தேதான் கிடக்கும். எவனோ உக்காந்து பாத்திருக்கான். தங்கச்சாமி பேர்ல நாயை எழுதினா ஊரே சிரிக்கும்னு பொறுக்கி எடுத்துட்டு, ஆட்டை மட்டும் மாத்தியிருக்கான்.” மெல்லத் திரும்பினாள். “உள்ள கை வைக்க யார் யாருக்கு வழி தெரியும் தம்பி?”

“எனக்கும்... சண்முகராஜ் அண்ணாச்சிக்கும்.”

“யார் எடுத்தது?”

“நான் இல்லை மேடம், சத்தியமா.”

“அவனும் அதைத்தான் சொல்லுவான். அதே சத்தியத்தையே பண்ணுவான்.” அவன் கையிலிருந்த செல்போனை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். “கடையைப் பூட்டு. நீயும் வா.”

ஒரே பைக்கில் மூன்று பேர். நடுவில் பாலகணேஷ், இரண்டு பக்கமும் சந்தேகம். மாதிரிப் பண்ணை முழுவதும் செல்வகணேஷின் சட்டைப் பையில், விரல் நீளப் பென் டிரைவில் வந்தது. ராதாமணிக்குக் காய்ந்த பாசி நினைவில் வந்து வந்து போயிற்று. தினமும் ஆடு வந்து தண்ணீர் குடிக்கிற தொட்டி அப்படிக் காயுமா?

வழியில் செல்போனில் கடம்பூர் ஸ்டேஷனுக்கு ஒரு பேச்சுப் பேசிவைத்தாள். பழைய சிநேகிதம் அந்த அளவுக்கு உதவும்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது லாரி புஞ்சைக்குள்ளேயே வந்து நின்றிருந்தது. ஏற்றுகிற ஆட்கள் கூலிக்கு வந்தவர்கள், ஆடு வளர்த்தவர்கள் இல்லை. பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, விறகுக்கட்டுபோல எறிந்தார்கள். வேலுத்தாய் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். தங்கச்சாமி ஒன்றும் செய்யவில்லை. வலைக் கம்பு ஒன்றைப் பிடித்தபடி நின்றார். சினை ஆட்டை ஒருவன் தூக்கினான். அது திமிறியது. பலகையில் இடித்து, உள்ளே சரிந்து விழுந்த சத்தம் இவர்களுக்குக் கேட்டது.

சண்முகராஜ் குடை பிடித்து நின்று எண்ணிக்கொண்டிருந்தான்.

ராதாமணி பைக்கிலிருந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சாவகாசமாக அவனிடம் போனாள்.

“சரியாத்தான் சொன்னீங்க சார். கம்ப்யூட்டர் பொய் சொல்லலை. உங்க கம்ப்யூட்டர் பையன் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்.”

சண்முகராஜின் முகம் தெளிந்தது. எதை ஒத்துக்கொண்டான் என்று அவன் கேட்கவில்லை. அவள் அதையும் கவனித்தாள்.

“பிறகென்ன மேடம், கையெழுத்துப் போட்டுட்டு...”

“ஒரே ஒரு குறை. ஆட்டை மட்டும் ஏத்துதீங்களே. கம்பெனி நாயும் தங்கச்சாமி பொறுப்புலதான இருந்திருக்கு? அதையும் கேட்டு வாங்க வேண்டாமா?”

“அதெப்படி?” என்றான் அவன், கூலியாட்களைப் பார்த்துக் கையை வீசிக்கொண்டே. “அந்த ரெண்டு நாயையும்தான் நான்...”

வாய் நின்றது. குடை மட்டும் காற்றில் ஆடியது.

“எத்தனை நாய்?” என்றாள் ராதாமணி.

அவன் குடையை மறு கைக்கு மாற்றினான்.

“நாய்னுதான் நான் சொன்னேன். ரெண்டுன்னு சொல்லலையே. உங்க கம்பெனியில நாயே கிடையாதே சார். பிறகு எங்கன பாத்தீங்க அந்த ரெண்டை?”

“கழுதையை விட்டுட்டீங்களேக்கா, அது கோவிச்சுக்கிடும்” என்றான் செல்வகணேஷ்.

அப்போதுதான் பாலகணேஷ் வாய் திறந்தான். பயம் ஆள் மாறியதும் அவனுக்குக் குரல் வந்துவிட்டது. “அண்ணாச்சி, போன மாசம் நீங்கதான போன் போட்டு, மறைச்சு வச்ச மாதிரி ஆட்டை எப்படிலே திறக்கதுன்னு கேட்டீங்க? சும்மா பாக்கத்தான்னு சொன்னீங்களே? நான் சொல்லலைன்னா, மாதிரியை வித்த கதையை முதலாளிகிட்ட சொல்லிருவேன்னு மிரட்டினீங்களே?”

“இதை ஏன்டா கடையில வச்சுச் சொல்லலை?” ராதாமணி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

“என் கள்ளத்தனமும் வெளிய வந்துருமேன்னு...”

“வந்துருச்சுல்லா.”

மீதியை அவள் சண்முகராஜுக்கே சொன்னாள். மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னாள். “உங்க பட்டித் தொட்டியில பாசி காஞ்சு சுருண்டு கிடக்கு. ஆடு அங்கன தண்ணி குடிச்சு நாளாச்சு. மேய்ச்சலுக்குப் போகலை, சந்தைக்குப் போயிருச்சு. நீங்க வித்தது நாற்பது. வித்ததைக் கம்ப்யூட்டர்ல அழிச்சீங்க. தொகை குறையக் கூடாதுல்லா? அந்த இடத்துல பிறக்காத நாற்பதை எடுத்து வச்சீங்க. நாளைக்கு முதலாளி கண்ணால எண்ணும்போது நிக்கதுக்கு நிஜ ஆடு வேணும். எண்ணாமக் கைநாட்டு வைக்கிற மனுசன் ஒருத்தர் கிடைச்சாரு.”

சண்முகராஜ் குடையை மடக்கினான். ஓடலாமா என்று ஒரு பார்வை ரோட்டுப் பக்கம் போயிற்று. அங்கே புழுதி கிளப்பிக்கொண்டு போலீஸ் ஜீப் வந்தது. பார்வை திரும்பி வந்துவிட்டது.

“இறக்குங்கலே!” என்று அவனே கூலியாட்களைப் பார்த்துக் கத்தினான். பிறகு தங்கச்சாமி பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினான். “பெரியவரே, தப்பு நடந்துபோச்சு. உம்ம ஆடு பூராவும் இறங்கிரும். நமக்குள்ள ஒண்ணுமில்லை. கணக்குத் தீந்துச்சுன்னு ஜீப்ல வாற ஏட்டய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்.”

ஆடுகள் குதித்து இறங்கி வலைக்குள் ஓடின. தாயைக் குட்டியும் குட்டியைத் தாயும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சேர்ந்தன. தங்கச்சாமி எதையும் எண்ணவில்லை. ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமல், பலகையில் கால் வைத்து லாரிக்குள் ஏறினார்.

சினை ஆட்டை அணைத்துத் தூக்கி இறக்கி வேலுத்தாயிடம் விட்டார். அதன் பின்னங்கால் முழுவதும் ரத்தம். மறுபடி உள்ளே போனார். வெளியே வந்தபோது அவர் துண்டில் ஈரமாக, கால் நாலும் தொங்க, ஒரு குட்டி இருந்தது. வெள்ளையில் செம்புள்ளி போட்ட குட்டி. மூச்சில்லை.

செல்வகணேஷ் போய் வேலுத்தாயோடு சேர்ந்து தாய் ஆட்டைப் பிடித்துக்கொண்டான்.

தங்கச்சாமி சண்முகராஜின் முன்னால் போய் நின்றார். துண்டை அவன் வெள்ளைச் சட்டைக்கு அருகில் நீட்டினார்.

“தீரலை” என்றார். பிறகு, அய்யா காலத்திலிருந்து அந்த வீட்டில் யாரும் செய்யாததைச் செய்தார். எண்ணினார்.

“ஒண்ணு.”

ஜீப்பில் ஏறும்போது சண்முகராஜின் சட்டையில் அந்த ஈரம் இருந்தது. ராதாமணியின் இடுப்பு மறுபடி தெறிக்க ஆரம்பித்தது. நாற்பது ஆட்டின் கணக்கு நேராகிவிட்டது. தங்கச்சாமிக்குப் பொன்மந்தை ஒரு குட்டி பாக்கி.